வனத்துச் சின்னப்பரிடம் என்ன கேட்பது?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். நான்காம் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டே பாடத்தை நகரவிடாதவள். இன்னும் மாறவில்லை. அவள் அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. அந்த அம்மா வாரம் தவறாமல் வனத்துச் சின்னப்பர் கோயிலுக்குப் போய், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாராம்.

"டீச்சர், அவரோ உலகமே வேண்டாம் என்று காட்டுக்குப் போனவர். தனியாக இருக்க முடியவில்லை என்று அவரிடமே போய் அழுதால் அவருக்குப் புரியுமா? ரெண்டு வரியில் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

இரண்டு வரியில் முடியாதம்மா. எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் படிக்கலாம், இது வரலாறுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பவுல் என்பதன் லத்தீன் வடிவம் பவுலுஸ். அந்த மொழியில் அதற்குச் 'சிறியவர்' என்று பொருள். அதைத்தான் நம் முன்னோர் அழகாகச் 'சின்னப்பர்' ஆக்கினார்கள். விவிலியத்தில் கடிதங்கள் எழுதிய பவுலும் சின்னப்பர்தான். அவரிடமிருந்து பிரித்துக் காட்டவே இவரை 'வனத்து' என்று அடைமொழி சேர்த்து அழைக்கிறோம். அதே போலத்தான் அந்தோணியாரும். கையில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்பவர், 'கோடி அற்புதர்' என்று நாம் அழைப்பவர், பதுவை நகர் அந்தோணியார். 13-ஆம் நூற்றாண்டுக்காரர். வனத்து அந்தோணியார், சில ஊர்களில் பெரிய அந்தோணியார், அவருக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள் மூத்தவர், எகிப்து நாட்டவர், தாடிக்காரக் கிழவர். வனத்துச் சின்னப்பரும் வனத்து அந்தோணியாரும் ஒரே கதையில் சந்தித்துக்கொள்கிறவர்கள். அதனால் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சின்னப்பரின் கதையை எழுதியவர் புனித எரோணிமுஸ். விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த அதே அறிஞர். ஏறக்குறைய 375-ஆம் ஆண்டு, இளைஞராக இருக்கும்போது எழுதினார். என் மாணவியின் கேள்விக்கான பதில் அந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கோயில் சுரூபத்தைப் பார்க்கிற நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சின்னப்பர் உலகத்தை வெறுத்துக் காட்டுக்குப் போகவில்லை. ஓடி ஒளிந்தார். ரோமப் பேரரசன் தேசியுஸ் காலம். 250-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்த நேரம். தெற்கு எகிப்தில் தேபாயித் என்ற பகுதியில் வசதியான வீட்டுப் பிள்ளை இவர். கிரேக்கமும் எகிப்திய மொழியும் நன்றாகப் படித்தவர். வயது பதினாறு. தாயும் தந்தையும் போய்விட்டார்கள். இருந்த ஒரே உறவு, திருமணமான ஒரு சகோதரி. அந்தச் சகோதரியின் கணவரே சொத்துக்கு ஆசைப்பட்டு இவரைக் காட்டிக்கொடுக்கத் திட்டம் போட்டார். மனைவி அழுதும் கேட்கவில்லை. பையன் மலைப்பக்கம் ஓடினான். ஆபத்து தீர்ந்ததும் திரும்பலாம் என்றுதான் ஓடினான். ஆபத்து தீரவில்லை, நாள் போயிற்று, இருந்த இடமே பழகிவிட்டது. கட்டாயமாக வந்ததைப் பிறகு அவரே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்கிற பொருளில்தான் எரோணிமுஸ் எழுதுகிறார்.

ஆகவே அம்மா, உன் தாயாருக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒரே மாதிரிதான். இரண்டு பேருமே கேட்டு வாங்கவில்லை.

அவர் தங்கிய குகையில் ஒரு பேரீச்சை மரமும் ஓர் ஊற்றும் இருந்தனவாம். மரத்தின் பழம் உணவு, ஓலை உடை. அந்த இடம் கிளியோபாத்ரா காலத்தில் திருட்டு நாணயம் அடித்தவர்களின் பட்டறையாக இருந்தது என்றும், துருப்பிடித்த சுத்தியல்களும் பட்டடைகளும் கிடந்தன என்றும் எரோணிமுஸ் எழுதுகிறார். பக்திக் கதைக்கு இது தேவையே இல்லாத செய்தி. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பிறகு ஒரு காகம் வந்தது. நாள்தோறும் அரை ரொட்டி கொண்டுவந்து போட்டது, அறுபது ஆண்டு. (சுரூபத்தின் அருகில் பறவை இருப்பது இதனால்தான்.)

சின்னப்பருக்கு 113 வயது, அந்தோணியாருக்கு 90 ஆனபோது நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் கதையின் உச்சம். வனத்தில் தன்னைப் போல் வேறு யாரும் இல்லை என்று அந்தோணியாருக்கு ஓர் எண்ணம். உன்னைவிட மேலான ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று இரவில் அவருக்கு உணர்த்தப்பட்டது. விடிந்ததும் கோலை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டார் 90 வயதுக் கிழவர். வழியில் பாதி மனிதன் பாதி குதிரையாக ஒரு விலங்கு வழி காட்டியது என்றெல்லாம் வரும், அதை விட்டுவிடுவோம். குகையை அடைந்தபோது, காலடிச் சத்தம் கேட்ட சின்னப்பர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார். அந்தோணியார் வாசலிலேயே விழுந்து கிடந்தார். விலங்குகளுக்குத் திறக்கும் கதவு மனிதனுக்குத் திறக்காதா, திறக்காவிட்டால் இங்கேயே சாகிறேன், என்னைப் புதைக்கவாவது நீர் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்று வாதாடினார். நண்பகல் தாண்டியது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக் கட்டிக்கொண்டார்கள். சின்னப்பர் உட்கார்ந்ததும் கேட்டது என்ன தெரியுமா? மக்கள் எப்படி இருக்கிறார்கள், பழைய ஊர்களில் புது வீடுகள் கட்டுகிறார்களா, இப்போது ஆட்சி யாருடையது. கிட்டத்தட்ட நூறு வருடம் மனித முகம் பார்க்காதவர் கேட்ட கேள்விகள் இவை! ஊரிலிருந்து யாராவது வந்தால் நம் வீட்டுக் கிழவிகள் கேட்பதும் இதுதானே? யார் வீடு கட்டினார்கள், யாருக்குக் கல்யாணம், ரேஷனில் என்ன போட்டார்கள்.

அன்றைக்குக் காகம் முழு ரொட்டி கொண்டுவந்தது. வந்த விருந்தாளிக்கும் சேர்த்து. உடனே ஒரு சண்டை: யார் பிட்டுக் கொடுப்பது? நீங்கள் விருந்தாளி, நீங்கள் பிடுங்கள் என்கிறார் ஒருவர். நீங்கள் மூத்தவர், நீங்கள் பிடுங்கள் என்கிறார் மற்றவர். கிட்டத்தட்டச் சாயங்காலம் வரை இதே பேச்சு. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொள்வது என்று முடிவானது. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்துத் தள்ளுவார்கள். துறவிகளின் வரலாற்றில் இவ்வளவு மனித வாடை அடிக்கும் இடம் எனக்கு வேறு தெரியாது.

மறுநாள் சின்னப்பர், தன்னைப் போர்த்திப் புதைக்க ஒரு போர்வை வேண்டும், ஆயர் அத்தனாசியுஸ் உமக்குக் கொடுத்த மேலங்கியைக் கொண்டுவாரும் என்று அனுப்பினார். தான் சாவதை நண்பர் பார்த்து வருந்தக் கூடாது என்பதற்காகச் சொன்ன சாக்கு அது என்கிறார் எரோணிமுஸ். அந்தோணியார் போய்த் திரும்பினால், முழந்தாளிட்டு, கைகளை விரித்தபடி உடல். செபிக்கிறார் என்று நினைத்துத் தானும் அருகில் முழந்தாளிட்டார். மூச்சுச் சத்தம் கேட்காததால் பிறகுதான் தெரிந்தது. குழி தோண்ட மண்வெட்டி இல்லை. இரண்டு சிங்கங்கள் வந்து தோண்டின. சின்னப்பர் ஓலையில் பின்னி உடுத்தியிருந்த உடையை அந்தோணியார் எடுத்துச் சென்று, உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் பெந்தெகோஸ்தே நாளுக்கும் மட்டும் உடுத்திக்கொண்டாராம். இறந்துபோனவரின் சட்டையை, புடவையை அலமாரியில் மடித்து வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நடந்ததா என்று கேட்பீர்கள். ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. எரோணிமுஸ் உயிரோடு இருக்கும்போதே, அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் எரிச்சல்பட்டு அவர் தன் இன்னொரு நூலில் எழுதியிருக்கிறார். 1969-இல் திருச்சபையின் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது, ஜனவரி 15-இல் இருந்த வனத்துச் சின்னப்பர் நினைவை எடுத்துவிட்டார்கள். நம் ஊர்க் கோயில்களில் அவரை யாரும் எடுக்கவில்லை. என் கருத்து: ஆள் இருந்தாரோ இல்லையோ, அந்தக் கதவு திறந்த கதையை 1,600 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் விடாமல் வைத்திருக்கிறார்களே, அது வரலாறுதான்.

அந்தோணியார் விஷயத்தில் சந்தேகம் கிடையாது. பிறப்பு ஏறக்குறைய 251, இறப்பு 356. அவரை நேரில் அறிந்த அத்தனாசியுஸ் அவர் இறந்த சில ஆண்டுகளில் வரலாறு எழுதினார். பெற்றோரை இழந்தபோது அந்தோணிக்குப் பதினெட்டு இருபது வயது. கையில் முந்நூறு அளவை நல்ல நிலம், ஒரு தங்கை. நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டு, தங்கையைக் கன்னியர் குழுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். (அந்தத் தங்கை என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதவில்லை. எனக்கு எப்போதும் அவள் நினைவு வரும்.) பாழடைந்த கோட்டை ஒன்றில் சுமார் இருபது ஆண்டுகள் தனியே. நண்பர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை ரொட்டியைச் சுவருக்கு மேலாக உள்ளே கொடுப்பார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கதவைப் பெயர்த்தே விட்டார்கள். வெளியே வந்தவர் இளைத்தும் இல்லை, பருத்தும் இல்லை, கூட்டத்தைக் கண்டு கலங்கவும் இல்லை என்கிறார் அத்தனாசியுஸ். பிறகு செங்கடல் பக்கத்து மலைக்குப் போனார். அங்கே கொஞ்சம் காய்கறி போட்டார். எதற்கு? அந்தக் கரடுமுரடான வழியில் தேடிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சாப்பிட ஏதாவது வேண்டுமே என்று. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் இரண்டு சீடர்கள் உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள். 'தனித் துறவிகளின் தந்தை' என்று சொல்லப்படுபவர் முதுமையைத் தனியாகக் கழிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்குத் தனிமையின் வலி தெரியுமா என்பதுதானே கேள்வி? இவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. எகிப்துப் பாலையில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, 399-இல் இறந்தவர், அந்த வலியை ஒரு பேயாகவே வருணித்திருக்கிறார். 'நண்பகல் பேய்' என்று பெயர். அது வந்து உட்கார்ந்தால் சூரியன் நகராது. பகல் ஐம்பது மணி நேரம் போலத் தோன்றும். துறவி சன்னலையே பார்ப்பான். ஒன்பதாம் மணி ஆயிற்றா என்று வெளியே வந்து வெயிலைப் பார்ப்பான். சகோதரர் யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பான். அன்பு செத்துவிட்டது, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று தோன்றும். ஒன்பதாம் மணி என்பது நம் கணக்கில் பிற்பகல் மூன்று.

நான் ஓய்வு பெற்ற வருடம் இதைப் படித்தபோது யாரோ என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது. வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம். மகள் பிரான்சில்; அங்கே விடியும்போது இங்கே வெயில் ஏறியிருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் நாலு மணி பெல்லுக்குப் பழகிய உடம்பு, மூன்றரைக்கே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். பெல் அடிக்காது. பிரான்சில் பிள்ளைகளை வைத்திருக்கும் புதுச்சேரி வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெரிய வீடு, கிரில் கதவு, உள்ளே ஓர் ஆள், ஒரு டிவி.

அந்தோணியாருக்கே இந்தப் பேய் வந்ததாகப் பாலைத் துறவிகளின் மொழித் தொகுப்பில் முதல் செய்தியாகவே இருக்கிறது. மனம் சோர்ந்து, இருள் கவிந்து, என்ன செய்வேன் என்று கடவுளிடம் கேட்டார். வெளியே வந்து பார்த்தால் தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பின்னினார், எழுந்து செபித்தார், மறுபடி உட்கார்ந்து பின்னினார். அது வானதூதர், இப்படிச் செய் என்று காட்ட வந்தவர் என்று கதை. கவனியுங்கள்: பெரிய உபதேசம் எதுவும் இல்லை. கைக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு செபம், பக்கத்தில் அதையே செய்யும் இன்னோர் ஆள். உன் அம்மா கோயிலில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்துப் பெஞ்சில் யாராவது செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள், பார்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தமிழாசிரியை இல்லையென்றாலும் ஆசை விடவில்லை. இந்தத் துறவிகள் வாழ்ந்தது பாலைவனம். மரமே அரிது. நம்மவர்கள் அவர்களை 'வனத்து' என்று அழைத்தார்கள். 'வனம்' என்றதும் நமக்குக் காடுதான் மனத்தில் வரும்; வனவாசம் என்றாலே நாம் அறிந்த துன்பம்; துறவி என்றால் வனத்தில் இருப்பவர். 1950-இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் மோன்சானேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் காவிரிக் கரையில் அமைத்த ஆசிரமத்துக்கும் சாந்திவனம் என்றுதான் பெயர். ஐந்திணை படித்தது நினைவிருக்கிறதா? பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். காடும் காடு சார்ந்த முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அதாவது, வருவார் என்று ஆற்றியிருத்தல். பிரிவின் நிலத்தில் இருந்த இரண்டு கிழவர்களைத் தமிழ் தூக்கி வந்து காத்திருத்தலின் நிலத்தில் வைத்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் இலக்கணம் பார்த்து வைத்திருக்கமாட்டார்கள். எனக்கு இப்படிப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

முல்லை என்றால் மாடு கன்றும் உண்டல்லவா? வனத்து அந்தோணியார் திருநாள் ஜனவரி 17. ஐரோப்பாவிலேயே அவர் கால்நடைகளின் காவலர். அன்று ரோமிலும் ஸ்பெயினிலும் விலங்குகளை மந்திரிப்பார்கள். இங்கே வந்ததும் அது பொங்கலோடு கலந்துவிட்டது. திண்டுக்கல் பக்கத்தில் அந்தோணியார் பொங்கல் என்றே வைத்து, மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துக் கோயிலுக்கு ஓட்டி வருவார்கள். குருவானவர் தீர்த்தம் தெளிப்பார். அங்கே உலகம்பட்டியில் பெரிய அந்தோணியார் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டே உண்டு. தனியாக இருக்கப் போன மனிதருக்குக் கிடைத்த கூட்டத்தைப் பாருங்கள்.

நம் காலத்துக்கு அருகில் இருக்கும் ஒருவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 மே 15 அன்று ரோமில் நம் நட்டாலம் தேவசகாயம் புனிதரானதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அன்று மொத்தம் பத்துப் பேர். அதில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், சார்ல் தெ ஃபூக்கோ. நம் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பங்களுக்கு அல்ஜீரியா என்ற பெயர் தெரியும். அந்த அல்ஜீரியாவின் நடுச் சகாராவில், தமன்ராசெத் என்ற ஊரில் 1905 முதல் இருந்தவர் இவர். ஆறு வயதில் தாயும் தந்தையும் இல்லை. பட்டாள அதிகாரி, ஊதாரி, பிறகு துறவி. பிரெஞ்சு ஆட்சியோடு அவருக்கு இருந்த நெருக்கத்தைப் பற்றி இன்றும் வாதம் உண்டு; குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம் அதை மறக்க வேண்டியதில்லை.

சின்னப்பரைப் போல அல்ல, இவர் துணைக்கு ஏங்கினார். சகோதரர்கள் வருவார்கள் என்று ஒழுங்குகள் எழுதி வைத்தார். நிலைத்திருக்க ஒருவரும் வரவில்லை. உடன் ஒரு கிறிஸ்தவராவது இல்லாமல் பூசை வைக்கக் கூடாது என்பது அக்காலச் சட்டம். அதனால் 1907 கிறிஸ்துமஸ் அன்று அவரால் பூசை வைக்க முடியவில்லை. அடுத்த மாதம் நோயில் விழுந்தார். சத்தில்லாத சாப்பாட்டால் வரும் நோய், எழ முடியவில்லை. தன்னிடம் இருந்த தானியத்தைப் பஞ்சத்தில் ஊராருக்குக் கொடுத்துவிட்டார். காப்பாற்றியவர்கள் சுற்றியிருந்த துவாரெக் மக்கள், இஸ்லாமியர்கள். அந்த வறட்சியிலும் பால் இருந்த ஆடுகளைச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடிக் கறந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவரை தான் கொடுக்க வந்தவர் என்று நினைத்திருந்தவர், படுக்கையில் கிடந்து வாங்கிக் குடித்தார். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பலர் இதைத்தான் திருப்பம் என்கிறார்கள். அதன் பிறகு அந்த மக்களின் மொழியையும் பாடல்களையும் அகராதியையும் எழுதுவதிலேயே காலம் போனது. 1916 டிசம்பர் 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எதிர்பார்த்த சகோதரர் சபை 1933-இல்தான் தொடங்கியது.

ஆகவே அம்மா, உன் தாயார் தவறான கதவைத் தட்டவில்லை. காகம், ரொட்டி, ஆட்டுப் பால் என்று எல்லாமே யாரோ கொண்டுவந்து கொடுத்தவைதான். உன் அம்மாவிடம் ஒன்று சொல்: கோயிலிலிருந்து திரும்பும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரியின் பெயரைக் கேட்டுக்கொள்ளட்டும். நீயும் போன் செய்யும்போது மாத்திரை சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதே. ஊரில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று கேள். அரை மணி நேரம் பேசுவார்.

இந்த முறை நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 14 தேவசகாயம், 15 வனத்துச் சின்னப்பர், 17 வனத்து அந்தோணியார். தை முதல் நாள் 15-ஆம் தேதி வரும் வருடங்களில் காணும் பொங்கலும் அந்தோணியார் திருநாளும் ஒரே நாள். நோணாங்குப்பத்துக்கு என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காணும் பொங்கலன்று சுண்ணாம்பாறு படகுத்துறைக் கூட்டத்தில் கடலூர் சாலை நகராது. காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். மீன் வாங்குவதா வேண்டாமா என்று முன்னாடியே போனில் சொல்லிவிட்டால் எனக்கு வசதி.